எம்.டி.யை இறக்கக் கதவு தட்டியவள்

ஒரு ஆளை வேலையை விட்டு இறக்க வீடு வீடாகப் போய்க் கையெழுத்துக் கேட்பது, சோப்பு விற்பதைவிட மோசமான தொழில். சோப்பு வேண்டாமென்றால் கதவைச் சாத்திவிடுவார்கள். இதற்கு உட்காரவைத்து, தண்ணி கொடுத்து, முழுக் கதையையும் கேட்டுவிட்டு, அப்புறம்தான் வேண்டாம் என்பார்கள். இன்சூரன்ஸ், சீட்டு, வாட்டர் ஃபில்டர் என்று எதையாவது தூக்கிக்கொண்டு வெயிலில் அடுத்தவர் வாசலில் நின்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

சிவகாசியில் ஒரு தியேட்டரும் ஒரு கேபிள் டிவியும் வைத்திருக்கிற கம்பெனி. ஆரம்பிக்கும்போது ஊர்க்காரர்களிடமே பங்கு விற்றார்கள். அச்சாபீஸ்காரர், டீச்சர், நர்ஸ், பட்டாசுக்குத் திரி வைக்கிற அக்கா என்று எல்லோரிடமும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது. கம்பெனியை நடத்த வெளியூரிலிருந்து ஒரு எம்.டி.யைக் கொண்டுவந்தார்கள். அவர் ஏசி போட்டார், குஷன் சீட் போட்டார். டிக்கெட் இல்லாமல் பசங்கள் நுழைகிறார்கள் என்று பக்கவாட்டுக் கதவு இரண்டையும் பூட்டினார். ஒருநாள் படம் ஓடும்போது ஏசி வயர் கருகிப் புகை வந்தது. மொத்தக் கூட்டமும் பின்னால் இருந்த ஒரே கதவுக்கு ஓடியது. தீ ஒன்றும் இல்லை. நெரிசலில் என் அம்மாவின் மணிக்கட்டு உடைந்தது. அம்மாவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை. சீசன் நேரத்தில் ஒற்றைக் கையோடு வீட்டில் உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பிறகும் கதவுகள் பூட்டியே இருந்தன.

ஜெபமணி டீச்சர் ரிட்டயர் ஆனவர், பங்குதாரர். கதவைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். நடக்கவில்லை. ஆளையே மாற்றிவிடுவோம் என்று கிளம்பினார். பங்குதாரர் கூட்டத்தில் ஓட்டெடுப்பு வைத்தால் எம்.டி.யை இறக்கலாமாம். கூட்டத்தைக் கூட்டவே கையெழுத்து வேண்டுமாம். நான் பிளஸ் டூவோடு போதும் என்று படிப்பை நிறுத்தியவள். ஸ்கூட்டி ஓட்டத் தெரியும். தினக்கூலிக்கு என்னைக் கூப்பிட்டார். "எனக்கு நைசாப் பேச வராது டீச்சர்" என்றேன். "நைசாப் பேசுறவுகளாலதான் செல்வி இந்த நெலமைக்கு வந்துருக்கோம், நீ போ" என்றார்.

முதல் கையெழுத்து

நாரணாபுரத்தில் சண்முகத்தாய் அக்கா வீடு. பட்டாசுக்கு மருந்து அடைக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் துணி துவைத்துக்கொண்டிருந்தது. நான் கதவு, புகை, நெரிசல் என்று ஆரம்பித்தேன். "எனக்கே கதை சொல்லுதியா? அன்னைக்கு உள்ளதான் இருந்தேன். உங்கம்மா மேல விழுந்ததுல நானும் ஒருத்தி" என்றது. கதையை நிறுத்திப் பேப்பரை எடுத்தேன்.

புகை வந்த நாளிலிருந்து பயர் ஆபீஸ், அதாவது பட்டாசுக் கம்பெனிப் பெண்கள் யாரும் சீட்டில் உட்காருவதில்லையாம். பின்கதவை ஒட்டி நின்றே படம் பார்க்கிறார்களாம். அப்படியும் ஏன் போகிறீர்கள் என்று கேட்டேன். பங்குதாரர்களுக்கு வெள்ளிக்கிழமை முதல் காட்சி இலவசப் பாஸ். அதை விட முடியுமா? ஈரக் கையைச் சேலையில் துடைத்துக் கையெழுத்துப் போட்டது. போட்டபிறகு பேப்பரைக் கொடுக்காமல் கையில் பிடித்துக்கொண்டே சொன்னது:

"கதவத் தெறக்கேன்னு போயி, எங்க பாஸப் பூட்டிப்புடாதீக."

அச்சாபீஸ் அண்ணாச்சி

இவரிடம் பங்கு அதிகம். இவர் போட்டால் பத்துப் பேர் போடுவார்கள் என்று டீச்சர் சொல்லியிருந்தார். மிஷின் சத்தத்தில் நான் கத்த, அவர் கத்த, பக்கத்தில் காலண்டர் அட்டை ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. ரகசியம் என்று டீச்சர் சொன்னது எனக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டார். எம்.டி. செய்வது தப்பு என்றார். கதவைப் பூட்டுவது மகா தப்பு என்றார். குடிக்கக் கலர் சோடா வாங்கித் தந்தார். பேப்பரை நீட்டினேன், அதைத் தடவிப் பார்த்து, இது எத்தனை ஜி.எஸ்.எம். கனம் என்று சொன்னார். கையெழுத்து மட்டும் போடவில்லை. தியேட்டர் போஸ்டரும் டிக்கெட்டும் அவரிடம்தான் அச்சாகின்றன என்று வாசல்வரை வந்த பைண்டர் சொல்லித்தான் தெரிந்தது. முதலிலேயே சொல்லியிருந்தால் கலரைக் குடித்துவிட்டுச் சீக்கிரம் கிளம்பியிருப்பேன். ஸ்கூட்டியை எடுக்கும்போது அண்ணாச்சி குரல் கொடுத்தார்:

"ஆள மாத்திக்கங்க பாப்பா, ஆர்டர மாத்திராதீக."

மல்லாங்கிணறு

இந்த ஊரில் அண்ணன் தம்பி இருவர் பேரிலும் சேர்த்து வாங்கிய பங்கு. இருவரும் பேசி ரொம்ப காலமாகிறது. ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்திருந்தார்கள். அண்ணன் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார், பேனாவைக்கூட எடுத்துவிட்டார். "உங்க கையெழுத்துக்குக் கீழே தம்பியும் போடணும்" என்றேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் எப்படியும் தெரியப்போவதுதானே.

பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். ரெண்டு பேரும் போட்டால்தான் செல்லும் என்று இன்னொரு முறை சொன்னேன். அவ்வளவு தூரம் வெயிலில் போன எரிச்சல் எனக்கு. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அப்பச் செல்லாமயே போகட்டும் தாயி, அவன் பேரும் எம்பேரும் ஒரே பக்கத்துல எதுக்கு?"

எம்.டி. கொடுத்த பப்ஸ்

அச்சாபீஸில் நான் கத்தியது எம்.டி. காதுக்குப் போகாமல் இருக்குமா? கூப்பிட்டு அனுப்பினார். போனேன். ஏசி அறை, முட்டை பப்ஸ், டீ. பப்ஸைச் சாப்பிட்டேன், பசித்தது. நல்ல மனிதர் மாதிரிதான் பேசினார். டிக்கெட் கவுண்டரில் எனக்கு வேலை போட்டுத் தருவதாகச் சொன்னார். சம்பளம் டீச்சர் தருவதைவிட அதிகம். ஒரு நிமிஷம் யோசித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

"வேலை இருக்கட்டும் சார், அந்தக் கதவை ஏன் திறக்க மாட்டேங்கிறீங்க?" என்று கேட்டேன். திறந்தால் ஓசியில் வருவார்கள் என்றார். எங்கம்மா கை உடைந்தது என்றேன். அது கூட்டம் பதறியதால் வந்தது, கதவால் வந்ததல்ல என்றார். உங்கள் ஊர்க்காரர்கள் எதற்கெடுத்தாலும் ஓடுகிறார்கள் என்றார். ஓடத் தெரிந்தவர்கள்தான் இந்த ஊரில் மிச்சம் இருக்கிறார்கள் என்று சொல்ல நினைத்தேன். வாயில் பப்ஸ் இருந்தது. அவரே முடித்தார்:

"புகைதானம்மா வந்துச்சு, தீயா வந்துச்சு?"

கூட்டம்

கையெழுத்து ஒருவழியாகச் சேர்ந்தது. கூட்டத்தை எம்.டி. அந்தத் தியேட்டருக்குள்ளேயே வைத்தார். மேடையில் கம்பெனித் தலைவரான வயதான டாக்டர், பக்கத்தில் எம்.டி. முன்வரிசைக் குஷனில் அச்சாபீஸ் அண்ணாச்சி, அவரைச் சேர்ந்தவர்கள். நாங்கள் வீடு வீடாகப் போய் அழைத்துவந்த ஆட்கள் ஒருவர்கூட உள்ளே உட்காரவில்லை. மருந்து அறையில் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே சொல்லித்தருவது, வாசலைப் பார்த்து உட்கார், வழியை மறிக்காதே என்பதுதான். பின்கதவில் கும்பலாக நின்றால் வழி மறிக்கும் என்று எல்லோரும் வெளியே வராந்தாவில் ஒழுங்காக ஓரமாக நின்றுவிட்டார்கள்.

எம்.டி.யை இறக்கலாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார் டாக்டர். வராந்தாவில் காடு மாதிரிக் கைகள். அரங்கத்துக்குள் இருக்கிற கையைத்தான் எண்ண முடியும் என்றார் எம்.டி. உள்ளே நான்கைந்து கைதான். எனக்குப் பங்கு கிடையாது, ஓட்டும் கிடையாது. வெளியே ஓடி, "உள்ள வாங்களேன், தோக்கப் போறோம்" என்று கத்தினேன். சண்முகத்தாய் அக்கா அசையவில்லை. "கதவத் தெறக்கச் சொல்லு, வாரோம்" என்றது. டீச்சர் எழுந்து மேடையைப் பார்த்து, "பக்கக் கதவத் திறங்க சார், எல்லாரும் உள்ள வந்துருவாக" என்றார். டாக்டர் எம்.டி.யைத் திரும்பிப் பார்த்தார். எம்.டி. மைக்கிலேயே சொன்னார்: சாவி வைத்திருப்பவர் லீவில் ஊருக்குப் போயிருக்கிறார், நாளை வந்துவிடுவார்.

முன்வரிசையில் இருந்தவர்கள் ஒருமுறை இடதுபக்கம் பார்த்தார்கள், ஒருமுறை வலதுபக்கம் பார்த்தார்கள். அப்புறம் அச்சாபீஸ் அண்ணாச்சி குஷனிலிருந்து எழுந்தார். "சாவி லீவுல போனா அன்னைக்குப் படத்துக்கும் லீவு விடணும்லய்யா?" என்று கேட்டுவிட்டுப் பின்கதவைப் பார்த்து நடந்தார். அவர் பின்னால் முன்வரிசை முழுக்க நடந்தது. கடைசியில் டாக்டரும் மேடையை விட்டு இறங்கிவந்து, கூட்டத்தைப் பைக் ஸ்டாண்டில் வைத்துக்கொள்ளலாம் என்றார். தகரக் கூரைக்கு அடியில், பைக்குகளுக்கு நடுவில் மறுபடியும் கை தூக்கச் சொன்னார்கள். அண்ணாச்சியும் தூக்கினார். டாக்டர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து நிதானமாக எண்ணினார். அவர் எண்ணி முடிக்கும்வரைகூட நிற்காமல் எம்.டி. போனைக் காதில் வைத்துக்கொண்டு போய்விட்டார். சண்முகத்தாய் அக்கா கையை இறக்காமலே கேட்டது:

"எண்ணிட்டீகன்னா சொல்லுங்க சார், கை வலிக்கி."

மறுநாள்

சாவிக்குக் காத்திருக்கவில்லை. ஒரு வெல்டிங் கடைக்காரர் வந்து இரண்டு பூட்டையும் அறுத்துப் போட்டார். வெளிச்சம் நேராகத் திரையில் விழுந்தது. டீச்சர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார், நாளையிலிருந்து வர வேண்டாம் என்றும் சொன்னார். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டது. சந்தோஷப்படும் என்று நினைத்தேன். இந்த சீசன் போனது போனதுதான், அது திரும்பி வராது. அம்மா கேட்டது ஒன்றுதான்:

"ரெண்டு கதவுமா, ஒத்தைக் கதவா?"

ஒரு ஆளை வேலையிலிருந்து இறக்கும் வேலையில் ஜெயித்தால் இரண்டு பேருக்கு வேலை போய்விடும் என்பதை, ஸ்கூட்டிக்குப் பெட்ரோல் போட்டுக் கொடுத்தவர்கள் யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.