இருபத்தோராம் நாள் காலை

முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி இருக்கும், தொட்டால் நூலாக நீளும், லேசில் அறுந்து விழாது. மாட்டின் வாலடியிலிருந்து காலை ஆறு மணிக்கு அப்படித் தொங்கிக்கொண்டிருந்ததை எங்கள் பக்கத்தில் "வழும்பு" என்பார்கள். கேட்பவர்களுக்கு அருவருப்பாக இருக்கலாம்; பத்து வயதில் எனக்கு அதைப் பார்த்ததும் பயம்தான் வந்தது.

புத்தலப்பட்டிலிருந்து உள்ளே தள்ளி, மாந்தோப்பை ஒட்டி ஊர்க்கோடியில் இருந்த எங்கள் வீட்டில் ஒரே ஒரு ஜெர்சிக் கலப்பு மாடு இருந்தது. கன்று ஈன்று பல மாதமாகியும் மறுசினை பிடிக்கவில்லை. இரண்டு முறை சினை ஊசி போட்டாயிற்று. இரண்டு முறையும் இருபத்தோராம் நாள் கணக்குத் தவறாமல் பருவத்துக்கு வந்து காளைக்குக் கத்தியது. கத்தினால் ஊசி வீண் என்று அர்த்தம். மூன்றாவது ஊசி போட்ட அன்று நைனா சொல்லிவிட்டார்: "இந்த வாட்டியும் நிக்கலன்னா சந்தைக்கு ஓட்டிக்கினு போயிடுவேன். தண்டத்துக்குத் துன்னுக்கினு கிடக்குது." அதன் கழுத்துத் தொங்கலுக்குள் கையை விட்டுக்கொண்டுதான் நான் வாய்ப்பாடு முழுவதையும் மனப்பாடம் செய்திருந்தேன். அதை விற்பது என்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அது மாம்பழக் காலம், சித்தூர்ப் பக்கத்துக் கூழ் ஆலைகள் எல்லாம் ஓடுகிற மாதங்கள். அம்மா விடியுமுன் பால் கறந்து வைத்துவிட்டு ஆலை வேனில் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வருவாள். நைனா மாங்காய் ஏற்றும் டிராக்டரோடு போய்விடுவார். பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் மாட்டைக் கவனிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பைபிள் வசனக் காலண்டரில் ஒரு தேதிக்கு வட்டம் போட்டுவிட்டு அம்மா பாடம் எடுத்தாள்: "பதினெட்டாம் நாள்லேர்ந்து பாத்துக்கினே இரு. தீனி துன்னாம நிக்குதா, கொஞ்சம் கொஞ்சமா மூத்திரம் வுடுதா, பின்னாடி வீங்கிக்கினு இருக்குதா, வழும்பு போடுதான்னு பாரு. காலைல பாத்தா சாயந்திரமே ஊசி போட்டுடணும். வாயில்லா ஜீவன்னு சொல்றதெல்லாம் சும்மா. பின்னாடி நின்னு பாத்தா அது எல்லாத்தயும் சொல்லிடும்."

சொல்லத்தான் செய்தது. வட்டம் போட்ட நாளன்று, வேன் போன அரைமணி நேரத்துக்குள் வைக்கோலை முகர்ந்து ஒதுக்கிவிட்டுக் காதை நிமிர்த்திக்கொண்டு கத்தத் தொடங்கியது. பின்னால் போய்ப் பார்த்தால், அம்மா சொன்ன அடையாளங்களில் ஒன்றுகூடக் குறையவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான், இதைச் சொன்னால் மாடு சந்தைக்குப் போகும். ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வாலையும் தொடையையும் கழுவினேன், நனைந்த வைக்கோலை அள்ளிக் குப்பைக்குழியில் போட்டேன், தவிட்டுத் தண்ணீரை நீட்டினேன், அது வாய் வைக்கவில்லை. முகத்தைக் கட்டிக்கொண்டு கத்தாதே கத்தாதே என்று கெஞ்சியபடி நானும் அழுதேன். பொழுது சாய்வதற்குள் அதுவாகவே அடங்கிவிட்டது. அம்மா வந்து கேட்டபோது "ஒண்ணுமில்ல" என்றேன்.

இருபத்தைந்தாம் நாளும் தாண்டியபோது அம்மாவுக்கு வந்த சந்தோஷத்தை நான் எதிர்பார்க்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து நின்று சாட்சி சொன்னாள். இரண்டு ஊசி வீணானதையும், தான் அழுது ஜெபித்ததையும், மூன்றாவதில் ஆண்டவர் சினையைத் தங்க வைத்ததையும் சொல்லி, ஒரு கூடை மாம்பழத்தைக் காணிக்கையாக வைத்தாள். சபை முழுவதும் "ஸ்தோத்திரம்" என்றது. பாயில் உட்கார்ந்திருந்த நானும் சொன்னேன்.

நான் கழுவிவிட்ட நாளிலிருந்து மூன்று வாரம் கழித்து மறுபடியும் வழும்பு போட்டது. இந்த முறை அது கத்தவில்லை. சினை மாடு என்று முடிவாகிவிட்டதால் யாரும் பின்னால் நின்று பார்க்கவும் இல்லை, என்னைத் தவிர. இப்போது வாயைத் திறந்தால் அத்தனை பேர் முன்னால் அம்மா சொன்ன சாட்சி பொய்யாகிவிடும். மறுபடியும் தண்ணீர் மொண்டுவந்து கழுவினேன்.

மூன்றாம் மாதம் ஊசி போடுகிறவர் வந்தார். தோள்வரை உறை மாட்டிக் கையை உள்ளே விட்டுப் பார்த்தவர், "காலிம்மா, சினை லேது" என்றார். "கர்ப்பப்பை நல்லாத்தான் இருக்கு. நடுவுல காளைக்கு வந்திருக்கணுமே, யாரும் பாக்கலியா? அன்னிக்கே ஒரு போன் போட்டிருந்தா, இன்னொரு ஊசில நின்னிருக்கும்."

நைனா அம்மாவைப் பிடித்துக்கொண்டார். "வேலைக்குப் போறேன் வேலைக்குப் போறேன்னு மாட்ட கோட்ட வுட்டுட்ட." அம்மா தலை நிமிரவில்லை. "புள்ள பாத்துக்கினுதான் இருந்துச்சி. கண்ணுல பட்டிருந்தா சொல்லாம இருக்குமா? ஊமையா வந்துட்டுப் போயிருக்கும்" என்றாள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பால் வற்றிய, சினையில்லாத மாட்டைச் சந்தையில் யார் வாங்குவார்கள், எதற்கு வாங்குவார்கள் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். அடுத்த வாரம் நைனா ஓட்டிக்கொண்டு போனார். அம்மா அதற்குப் பிறகு ஆலைக்குப் போகவில்லை. சபையில் சாட்சி சொல்ல எழுந்ததும் இல்லை.

இப்போது அம்மா என்னோடு திருப்பதியில், அலிபிரிக்குக் கீழே ஒரு வாடகை வீட்டில் இருக்கிறாள். ஊரில் எங்கள் மாட்டுக் கொட்டாய் இருந்த இடத்தில் யாரோ பைக் நிறுத்துகிறார்கள். மாட்டின் காலில் கருவி கட்டிவிட்டால் அது பருவத்துக்கு வந்ததைப் போனே சொல்லிவிடுமாம், குழந்தைகள் பின்னால் நின்று பார்க்க வேண்டியதில்லை. போன மாதம் பால் பாக்கெட்டைக் கத்தரித்துக்கொண்டே, தான் வேலைக்குப் போகாமல் இருந்திருந்தால் அந்த மாடு பிழைத்திருக்கும் என்று அம்மா வழக்கம்போல் தொடங்கினாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. கழுவியது, வைக்கோலை அள்ளியது, இரண்டாம் முறையும் மறைத்தது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அம்மா கேட்டுக்கொண்டே பாலை அடுப்பில் வைத்தாள்.

"என் மனசு ஆறட்டும்னு சொல்ற" என்றாள்.

"சத்தியமாம்மா" என்றேன்.

"சத்தியமெல்லாம் பண்ணாத. அப்ப நீ எங்கிட்ட பொய் சொல்ற புள்ளயா?"