சுமதியை எந்தத் தண்ணீரிலிருந்து கூப்பிடுவது: பல்லாவரம், திருநீர்மலை, கூடுவாஞ்சேரி

1994-ம் வருஷம், மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. தாம்பரத்திலிருந்து பல்லாவரம், அங்கிருந்து திருநீர்மலை, திரும்பி வந்து கூடுவாஞ்சேரி என்று ஒரே நாளில் சுற்றினேன். இது சாமி கும்பிடப் போன பயணம் இல்லை. மஞ்சள் காமாலையில் என் மகள் சுமதி இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவளை எந்தத் தண்ணீரிலிருந்து வீட்டுக்குக் கூப்பிடுவது என்று தெரியாமல்தான் கிளம்பினேன்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஜனத்தில் கல்யாணம் ஆகாமல் இறந்த பெண்ணை அப்படியே விட்டுவிட மாட்டோம். வீட்டில் அடுத்த கல்யாணம் நடக்கும் முன்னால் குளத்தங்கரைக்கோ கிணற்றடிக்கோ போய், பம்பை அடித்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, குடத்துத் தண்ணீரில் அவளை வீட்டுக்கு அழைத்து வருவோம். புதுத்துணி வைத்துப் படைப்போம். பூவாடைக்காரி என்று பெயர். அவள் வந்தால்தான் கல்யாணம். சுமதி இருக்கும்போதே என் மகன் பாஸ்கருக்குப் பேசி முடித்து வைகாசியில் நாள் குறித்திருந்தோம்.

பம்பைக்காரர் செங்கல்பட்டிலிருந்து வந்து உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "பொண்ணு எந்த ஊரும்மா? அவ இருக்கிற தண்ணியிலதான் கூப்பிடணும்" என்பதுதான். என் வீட்டுக்காரரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுவேன், அவர்தான் பதில் சொன்னார். "செய்யாறு பக்கம், எங்க ஊரு. எங்க ஜனம் அத்தனையும் அந்தக் குளத்துலதான் இருக்கு. அவளும் அங்கதான் போயிருப்பா."

சுமதி அந்த ஊருக்குப் போனதே நாலைந்து தடவைதான். போன உடனே "அம்மா, கொசு கடிக்குது, எப்ப கிளம்பறோம்?" என்பாள். உயிரோடு இருக்கும்போது ஒரு ராத்திரி தங்காதவள், செத்த பிறகு அங்கே போய் உட்கார்ந்திருப்பாளா? எனக்குக் குழப்பமாக இருந்தது.

சுமதி எம்.ஏ. ஹிஸ்டரி ரெண்டாம் வருஷம். நான் அஞ்சாவதோடு சரி. "என்னடி படிக்கிற?" என்று ஒருநாள் கேட்டேன். "மனுஷங்க ஒரு எடத்துலருந்து இன்னொரு எடத்துக்கு எப்படிப் போனாங்கன்னு படிக்கிறேம்மா." "பஸ்லதான் போயிருப்பாங்க" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். நாங்கள் தாம்பரத்துக்கு வந்த கதையும் அந்தப் படிப்பில் வருமாம். அவள் அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது, மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்தோம், இதில் படிக்க என்ன இருக்கிறது என்று கடைசி வரைக்கும் எனக்குப் புரியவில்லை. ஆனால் அந்தப் படிப்புக்காக ஒரு வருஷம் இந்தப் பக்கமெல்லாம் அலைந்தாள். அலைந்த இடங்களைப் பார்த்தால் அவள் எங்கே இருப்பாள் என்று மனசுக்குப் பட்டுவிடும் என்று நினைத்தேன்.

தாம்பரத்தில் ரயில் ஏறிப் பல்லாவரத்தில் இறங்கும்போது மணி ஒன்பது. தூரம் ஆறு கிலோமீட்டர் இருக்கும். அப்போது டிக்கெட் ஒன்றோ ஒன்றரையோ, இப்போது அஞ்சு ரூபாய். பிளாட்பாரத்தில் நசீமா நின்றாள். சுமதியோடு படித்த பெண். அவள் அப்பாவுக்குப் பல்லாவரத்தில் தோல் வியாபாரம். "ஆன்ட்டி, டிபன் சாப்பிட்டீங்களா?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை என்பதால் சந்தைக் கூட்டம். பழைய ஃபேன், பூச்செடி, கூண்டில் லவ் பேர்ட்ஸ் எல்லாம் தாண்டி மலை அடிவாரத்துக்கு நடந்தோம். ஒரு சரளை மேட்டில் நிறுத்தினாள்.

"இந்தப் பக்கத்துலதான் ஆன்ட்டி, அந்தக் காலத்துல ஒரு வெள்ளைக்காரர் கல்லால செஞ்ச ஆயுதம் ஒண்ணு எடுத்தார். லட்சக்கணக்கான வருஷம் முன்னாடியே இங்க மனுஷங்க இருந்திருக்காங்க."

"யாரு அவங்க? நம்ம ஜனமா?"

"தெரியாது ஆன்ட்டி. இருந்தாங்க, எங்கயோ போயிட்டாங்க."

"எங்க போனாங்க?"

"அதைத்தான் படிக்கிறோம்."

"ரெண்டு வருஷமா படிச்சும் தெரியலையா?"

சிரிக்கலாமா வேண்டாமா என்று நசீமா என் முகத்தைப் பார்த்தாள். நானே முதலில் சிரித்துவிட்டேன். பக்கத்தில் கல் உடைத்த பள்ளத்தில் பச்சையாகத் தண்ணீர் தேங்கியிருந்தது. சுமதி அதன் ஓரத்தில் உட்கார்ந்துதான் டிபன் டப்பாவைத் திறப்பாளாம். இதிலிருந்தா கூப்பிடுவது? குனிந்து பார்த்தேன். என் முகம்தான் தெரிந்தது, அதுவும் கலங்கலாக.

பல்லாவரத்திலிருந்து திருநீர்மலை ஐந்து கிலோமீட்டர். பஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது, இப்போது அந்தக் கவலை இல்லை. மலைமேல் ரங்கநாதர், கீழே ஒரு கோயில், அதற்கு எதிரில் பெரிய குளம். வெயில் ஏறுமுன் மேலே போய்விடுங்கள், படி சுடும். நான் ஏறவில்லை. தீட்டு கழிந்திருந்தாலும் ஒரு வருஷம் மலை ஏறுவது எங்களுக்கு வழக்கம் இல்லை. குளத்தங்கரையில் பூ விற்கிற அம்மாவிடம் சுமதியின் போட்டோவை நசீமா காட்டினாள்.

"அட, இந்தப் பொண்ணா! இன்னா கேள்வி கேக்கும் தெரியுமா? எந்த ஊர்லருந்து வந்தீங்க, ஏன் வந்தீங்கன்னு. நாங்க எங்கியும் வர்ல, இங்கியேதான் கீறோம்னு சொல்லி அனுப்ட்டேன். மறுபடியும் வந்து நிக்குது. அப்புறம் எங்க மாமியாரைக் கேட்டா, அது சொல்லுது, நாமளே காஞ்சீபுரத்துலருந்து பஞ்சத்துல வந்தவங்கதான்னு. அம்மாந்தூரம் நடந்தே வந்தாங்களாம். எனக்கே அன்னிக்குதான் தெரியும். ஏன், அது வர்லியா?"

இறந்துவிட்டாள் என்று சொன்னேன். அந்த அம்மா இரண்டு முழம் கதம்பத்தை இலையில் சுற்றிக் கொடுத்தார். இந்தக் குளத்திலிருந்து கூப்பிடலாமா என்று கேட்டேன். "இது பெருமாள் கொளம்மா. இங்க பம்பை அடிச்சா ஐயருங்க சண்டைக்கு வந்துடுவாங்க" என்றார். அதுவும் சரிதான்.

திரும்பிப் பல்லாவரம் வந்து, ரயிலில் கூடுவாஞ்சேரி. தாம்பரத்தைத் தாண்டிப் பன்னிரண்டு பதின்மூன்று கிலோமீட்டர். வண்டி தாம்பரத்தில் நின்றபோது பேசாமல் இறங்கிவிடலாமா என்று இருந்தது. நசீமாதான், "அங்க பட்டம்மான்னு ஒருத்தங்க இருக்காங்க ஆன்ட்டி. சுமதி மூணு தடவை போனா. அவங்களைப் பார்த்துடலாம்" என்றாள்.

முன்பு விவசாயம் செய்த குடும்பம். நிலத்தை மனை போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். வாசலில் கல் நட்ட காலி மனைகள், நடுவில் மாடி வீடு. நசீமாவைப் பார்த்ததும் பட்டம்மாவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. நான் சுமதியின் அம்மா என்றதும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே.

"வாங்க வாங்க! ஒரு வழியா வந்தீங்களே! டேய், அப்பாவைக் கூப்பிடுடா. நீங்க ஃபேனுக்குக் கீழ உக்காருங்க."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது, காபி வந்தது. அவர் வீட்டுக்காரர் சட்டை மாற்றிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். பட்டம்மா பேசிக்கொண்டே போனார்.

"உங்க பொண்ணு படு கெட்டிக்காரிங்க. நேரா வந்து, குலதெய்வம் எது, எத்தனை தலைமுறையா இங்க இருக்கீங்க, எந்த ஊர்லருந்து பொண்ணு எடுத்தீங்க, எந்த ஊருக்குக் குடுத்தீங்கன்னு ஒண்ணு விடாம கேட்டுச்சு. இவரு அப்பவே சொல்லிட்டாரு, இது சும்மா கேக்கிற கேள்வி இல்ல, பெரியவங்க அனுப்பாம வந்திருக்காதுன்னு. எங்க பையனும் பாலிடெக்னிக் முடிச்சிருக்கான். ரெண்டாவது தடவை வந்தப்ப வேணும்னே அவன்கிட்ட தண்ணி குடுத்து அனுப்பினேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. யார் எங்கிருந்து எங்கே போனார்கள் என்று சுமதி படிப்புக்காகக் கேட்டிருக்கிறாள். இவர்கள் சம்பந்தம் விசாரிக்க வந்தவள் என்று நினைத்துவிட்டார்கள். இந்தப் பக்கத்தில் அந்தக் கேள்விகளை வேறு எதற்கு யார் கேட்பார்கள்? நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

நசீமா தலையைக் குனிந்துகொண்டாள். பையனின் போட்டோவை என் கையில் கொடுத்தார்கள். நல்ல பையன். மீசை அப்போதுதான் அழுத்தமாக வந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் இருந்தேனோ, தெரியாது. என் பெண்ணுக்கு ஒரு வீட்டில் பஜ்ஜி போட்டு என்னை உட்கார வைத்தது அந்த ஒரு தடவைதான். அதைக் கொஞ்ச நேரம் அனுபவித்தேன். தப்போ சரியோ. பிறகு சொன்னேன்.

பட்டம்மா என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதார். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணே ஒண்ணுதான் எங்களுக்குக் குறையா இருந்துச்சு" என்றார். "எல்லார் ஊரையும் கேக்கிறியே, உன் சொந்த ஊர் எதும்மான்னு கேட்டேன். தாம்பரம்னுச்சு. அது ரயில் நிக்கிற எடம், சொந்த ஊரைச் சொல்லுன்னேன். அதுதாங்க, வேற ஊர் எனக்குத் தெரியாதுன்னுச்சு. ஊர் இல்லாத பொண்ணாச்சேன்னு இவருகூட யோசிச்சாரு."

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லி, தாம்பரத்துப் பக்கத்து ஏரியிலேயே கூப்பிடலாம் என்றேன். அண்ணி எகிறினார். "நல்லா இருக்குடி! யாரோ சொன்னாங்கன்னு ஏரியில போய்க் கூப்பிடுவியா? அங்க நம்ம ஜனம் ஒருத்தர் உண்டா? பொட்டப்புள்ள தனியா எப்படி வருவா?" உண்மையில் எனக்கும் அந்தப் பயம்தான். என் வீட்டுக்காரர் அதிகம் பேச மாட்டார். செருப்பை மாட்டிக்கொண்டே, "அவ தனியாத்தானக்கா எல்லா எடத்துக்கும் போய்ட்டு வந்தா" என்றார். அண்ணி என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

சித்திரைக் கடைசியில் பீர்க்கன்கரணை ஏரிக்குப் போனோம். எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். தண்ணீர் வற்றி உள்ளே தள்ளிப் போயிருந்தது. அண்ணி வந்தார், ஆனால் கரைமேலேயே பட்டுப்புடவையோடு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். பட்டம்மாவும் வந்திருந்தார். பம்பை அடித்தார்கள், கற்பூரம் ஏற்றினார்கள். "ஊரையும் பேரையும் சொல்லி மூணு தடவை கூப்பிடும்மா" என்றார் பம்பைக்காரர். முழங்கால் தண்ணீரில் நின்று வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. மறுபடி பம்பை அடித்தார்கள். வரவில்லை. பெயரைச் சொன்னால் அவள் செத்தது நிஜமாகிவிடும் போல இருந்தது.

பின்னால் தண்ணீர் சளசளத்தது. அண்ணிதான். பட்டுப்புடவை நனைய இறங்கி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏரியே அதிரக் கத்தினார்.

"தாம்பரத்துச் சுமதி! அடியே, அத்தை வந்திருக்கேன், வாடி! தாம்பரத்துச் சுமதி!"

மூன்றாவது தடவை நானும் சேர்ந்து கூப்பிட்டேன்.

அவள் படிப்பை இன்னும் நான் புரிந்துகொள்ளவில்லை. கல் ஆயுதம் செய்தவர்கள் எங்கே போனார்கள் என்று நசீமாவுக்கும் கடைசி வரை தெரியவில்லை. ஆனால் இந்தப் பக்கம் குடி வந்தவர்கள், தங்கள் வீட்டுப் பெண்ணை எங்கே கூப்பிடுவது என்று என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதினேன். கோயில் குளம் வேண்டாம், தகராறு வரும். ஏரிக்குக் காலையிலேயே போய்விடுங்கள், ஆகாயத்தாமரை இல்லாத பக்கமாக இறங்குங்கள், கரை வழுக்கும். பம்பைக்காரருக்கு ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். பித்தளைக் குடம் வேண்டாம், கனம் தாங்காது, மண்குடம் போதும். கூப்பிடக் கூட ஒருத்தரை அழைத்துப் போங்கள், நமக்குக் குரல் வராது. உங்கள் வீட்டுக்கு எந்தப் பெண்ணாவது வந்து எந்த ஊர், எப்போது வந்தீர்கள் என்று கேட்டால், உட்கார வைத்துச் சொல்லி அனுப்புங்கள்.

சுமதி வந்தாளா என்றால் எனக்குத் தெரியாது. அன்றைக்கு யார் மேலும் அருள் வரவில்லை. குடத்தை நான்தான் இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தேன். ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்கும்போது லாரிகள் விடாமல் வந்துகொண்டிருந்தன. குடத்தைக் கொஞ்ச நேரம் கொடு என்று பாஸ்கர் கேட்டான். கொடுக்கவில்லை.