ஏழாம் எண் பூட்டு

இதில் ஒரு சொல்கூட நான் கட்டியது இல்லை. ரெஜின் பைபிள்மேல் கை வைத்துச் சொன்னது. அதுவும் பட்டப்பகலில் நடந்தது.

டெல்லியில், யமுனைக் கரையோரக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். நீரில் மிச்சமிருக்கும் கிருமிகளைக் கொல்லும் பழைய புற ஊதா விளக்குகளை எடுத்துவிட்டுப் புதியவை பொருத்தும் வேலை. பொறியாளர் ரெஜினுக்கு மூன்று மாதமாக அதோடுதான் மல்லுக்கட்டு. ஒன்று எரிந்தால் இன்னொன்று அணையும். அன்று நாலு மணிக்குள் விளக்கெல்லாம் எரிந்து, நீர் மாதிரி எடுத்துக் கொடுத்தால்தான் விடுப்பு. மறுநாள் நாகர்கோவிலில் மகளுக்கு ஞானஸ்நானம். இரவு விமானம். மனுஷனுக்கு வெறுத்துப் போயிருந்தது.

அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. கால்வாய்க்குள் இறங்குகிறவர் மெயின் சுவிட்சில் தன் பூட்டை மாட்டிவிட்டு, சாவியோடு இறங்க வேண்டும். எல்லாப் பூட்டும் கழன்றால்தான் சுவிட்ச் திரும்பும்.

மதியம் 2.40. ரெஜினும் அவன் உதவியாளர்கள் கதிரவன், அய்யாசாமியும் கால்வாயிலிருந்து மேலேறினார்கள். மூன்று பூட்டும் கழன்றன. நான்காவதாக ஒன்று தொங்கியது. ஏழாம் எண். கரி அப்பியிருந்தது.

"எவம்டே இத மாட்டுனது?"

"நம்மளுது இல்ல சார்," என்றார் அய்யாசாமி.

பூட்டுகளைக் கொடுக்கும் ஸ்டோர் பூங்கோதை போனை எடுக்கவில்லை. ரெஜின் எட்டிப் பார்த்தான். கால்வாய் காலி. வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே பூட்டைக் கட்டரால் வெட்டி எறிந்தான். கைக்கரியைக் கழுவப் போனான். தேய்த்தும் கரி போகவில்லை.

3.12. திரும்பி வந்தான்.

சுவிட்சில் பூட்டு... அதே ஏழு.

டிசம்பர் குளிர். பூட்டு சுட்டது.

"விளையாடுதீயளா? கதிரவா, இதப் பிடி."

கதிரவனைக் காணோம்.

டங்...

கால்வாய்க்குள்ளிருந்து.

இருவரும் ஓடிப்போய் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே கதிரவன். விட்டுவந்த ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருந்தான். அவன் பூட்டு இடுப்பிலேயே தொங்கியது.

"ஒரு நிமிஷ வேலதானே சார்னு..."

ரெஜின் அவனை இழுத்து மேலேற்றிவிட்டுத் திரும்பினான்.

சுவிட்சில் பூட்டு இல்லை.

3.50-க்கு மாதிரி போனது. விடுப்பும் கிடைத்தது. இரவு 7.50, விமான நிலையத்தில் இருக்கும்போது பூங்கோதை கூப்பிட்டாள்.

"ஏழா? அது பழைய ஆபரேட்டர் பாலசுப்ரமணியம் சாரோடது. ஆறு வருஷம் முன்னால, ஒரு நிமிஷ வேலைன்னு பூட்டு மாட்டாம இறங்கிட்டார். தெரியாம யாரோ சுவிட்ச போட்டுட்டாங்க."

"அந்தப் பூட்டு இப்ப எங்க இருக்கு?"

"அவர் பாக்கெட்லயே இருந்துச்சு சார். வீட்டம்மா அதையும் சிதையில வச்சு எரிக்கச் சொல்லிட்டாங்க."