கடைசியாக விதைத்த காடு

அய்யம்பெருமாள் டிராக்டரை விட்டு இறங்குவதைப் பார்ப்பவர்களுக்கு அவர் வயதைச் சரியாகச் சொல்ல வராது. ஒரு காலைத் தரையில் வைப்பார், ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நிற்பார், முதுகு சம்மதம் சொன்ன பிறகுதான் அடுத்த காலை எடுப்பார். ஐம்பதைத் தாண்டி நாலு வருசம்தான் ஆகிறது. குன்னம் பக்கத்துக் கரிசலில் பாதியை அவர்தான் உழுதார் என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமையை அரைத்துப் பூசினால் முதுகுவலி போகுமா என்ன?

ஊர் உழவர் குழுவின் வாடகை டிராக்டருக்கு அவர்தான் டிரைவர். வருசம் முழுக்க எப்படியோ ஓடிவிடும். புரட்டாசியில் முதல் மழை விழும் நாள்தான் கண்டம். மழை விட்டு மண் பதத்துக்கு வந்தால் அது இரண்டு மூன்று நாள்தான் நிற்கும். அதற்குள் உழுது மக்காச்சோளத்தைப் போட்டாக வேண்டும். ஊரே ஒரே நேரத்தில் அவர் வாசலில் வந்து நிற்கும். யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனுசன். எல்லார் காட்டையும் முடித்துவிட்டுத் தன் காட்டுக்குப் போகும்போது மண் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருக்கும். இதற்குச் சட்டம் கிட்டம் ஒன்றும் கிடையாது. டிரைவர் தன் காட்டை முதலில் ஓட்டிக்கொண்டான் என்று ஒரு சொல் வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார். பிள்ளை வளரலாம், சோளம் வளருமா? பாதி முளைக்காது. பிந்தி முளைத்ததைப் படைப்புழு உட்கார்ந்து தின்னும்.

அந்தக் காடு உண்மையில் அவருடையதே அல்ல. மனைவி செல்வம்மாளுக்கு அவள் அப்பா எழுதிக் கொடுத்த இரண்டு ஏக்கர். வருசா வருசம் வரப்பில் விதையை மடியில் கட்டிக்கொண்டு, எங்கோ கேட்கும் டிராக்டர் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருப்பவளும் அவள்தான்.

இந்த வருசம் அவள் சித்திரையில் காட்டை உழவே விடவில்லை. சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்று அய்யம்பெருமாள் சொல்லிப் பார்த்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெண்கள் குழுவோடு பஸ்ஸில் போய் எங்கோ ஒரு பண்ணையைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். அங்கே மண்ணை மூடச் சணப்பு என்ற பசுந்தாள் பயிரை வளர்த்து, பூக்கும்போது அதைச் சாய்த்துப் போட்டு, உழாமலே அதன் ஊடாக மிஷினில் விதைக்கிறார்களாம். ஆடித் தூறலில் அவளே சணப்பு விதையை வாரி இறைத்தாள். காடு இடுப்புயரம் பச்சையாக நின்றது. உழைப்பாளி வீட்டுக் காட்டில் களை மண்டிக் கிடக்கிறதே என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் கேலி பேசினார்கள்.

ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். குரலை உயர்த்தவில்லை.

"மாமா, இந்த வருசம் நம்ம காட்ட மொதல்ல வெதச்சிடுங்க. இந்த வருசமும் கடைசின்னா நான் ரஞ்சனி வூட்டுக்குத் திருப்பூர் போயிடுறேன். கோவத்துல சொல்லல. அலுத்துப் போச்சு."

சிவரஞ்சனி அவர்கள் மகள். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறாள். அம்மாவுக்கும் அங்கேயே வேலை இருக்கிறது என்று ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். செல்வம்மாள் கோபப்பட்டிருந்தால் அய்யம்பெருமாளுக்குச் சமாளிக்கத் தெரியும். எத்தனை கோபத்தைப் பார்த்திருக்கிறார். இது வேறாக இருந்தது.

குழுவுக்கு ஒரு விதை மிஷின் எடுப்பது என்று முடிவானது அந்தச் சமயத்தில்தான். செயலாளர் வேணுகோபால் இரண்டு மிஷின்களை ஓட்டிப் பார்க்க வரவழைத்தார். சணப்பு நிற்கும் காடு ஊரில் ஒன்றே ஒன்றுதான். அதனால் வெள்ளோட்டம் செல்வம்மாள் காட்டில் நடந்தது. வரப்போரம் ஒரு துண்டில் சணப்பைப் பரம்புக் கட்டையால் சாய்த்துப் போட்டிருந்தாள். ஓட்டப்போகிறவன் எதைச் சொல்கிறானோ அதையே எடுப்போம் என்று வேணுகோபால் பொறுப்பை அய்யம்பெருமாள் தலையில் கட்டிவிட்டார்.

முதல் மிஷின் கொழு வைத்தது. மண்ணைக் கீறிக்கொண்டு போய்க் கீறலில் விதையைப் போடும். நாலடி போவதற்குள் சாய்ந்த தண்டெல்லாம் சீப்பில் மாட்டிய முடி மாதிரி கொழுக்களுக்கு நடுவில் சுருண்டுகொண்டது. இறங்கிப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஏறினார். மறுபடி இறங்கினார். ஒரு சால் முடிவதற்குள் முதுகு இரண்டாகப் பிளந்துவிடும் போலிருந்தது.

இரண்டாவது மிஷினில் கொழுவுக்குப் பதில் கூரான வட்டத் தகடுகள். அது வெண்ணெயில் கத்தி மாதிரி ஓடியது. கடைசிவரை ஒருமுறைகூட இறங்க வேண்டியிருக்கவில்லை. சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தபடியே வந்து சேர்ந்தார். கூட்டம் முழுக்க இதுதான், இதுதான் என்றது. அவர் முதுகும் அதையேதான் சொன்னது.

செல்வம்மாள் மட்டும் பின்னாலேயே குனிந்து போய்க் கீறலை விரலால் விலக்கிக் காட்டினாள். தூறல் ஈரத்தில் தண்டு துவண்டு கிடந்தது. தகடு அதை அறுக்காமல் அப்படியே மடக்கி உள்ளே அமுக்கியிருந்தது. விதை அந்தத் தண்டின்மேல் உட்கார்ந்திருந்ததே தவிர மண்ணைத் தொடவில்லை. கரிசல் அப்பி, தகடு ஒவ்வொன்றும் அடை மாதிரி தடித்திருந்தது. கொழு போன சாலில் விதை மண்ணுக்குள் இருந்தது.

அய்யம்பெருமாள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். மக்காச்சோளத்துக்குச் சால் தள்ளித் தள்ளித்தானே வேண்டும், நடுவில் உள்ள கொழுக்களைக் கழற்றிவிட்டால் என்ன என்று மிஷினோடு வந்திருந்த கம்பெனிக்காரனைக் கேட்டார். கழற்றி ஓட்டினார். தண்டு சிக்குவது குறைந்தது. ஆனால் நிற்கவில்லை. சாலுக்கு இரண்டு முறையாவது இறங்கித்தான் ஆக வேண்டும்.

"கொழு மிஷினே இருக்கட்டுங்க," என்றார்.

வேணுகோபால் அவரை ஒரு மாதிரி பார்த்தார். "யோவ், ஒடியப்போறது ஒன் முதுகுய்யா."

ஒடியட்டும் என்றுதான் அய்யம்பெருமாள் நினைத்தார். செல்வம்மாள் முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு சிரிப்பு வந்தது. அதைப் பார்த்ததும், கொடுக்க வேண்டியதை எல்லாம் கொடுத்துவிட்டோம் என்று அவருக்கு ஒரு நிம்மதி. இனி அவள் எங்கே போகப் போகிறாள்? முதுகையே கொடுத்தாயிற்றே. மனுசன் தப்புப் பண்ணியது இந்த இடத்தில்தான்.

புரட்டாசி கடைசியில் மழை பிடித்துக்கொண்டு பெய்தது. சணப்பு அதற்குள் பூத்திருந்தது. மழைக்கு முன்பே செல்வம்மாள் காடு முழுவதையும் சாய்த்து முடித்திருந்தாள். மழை விட்டு, மண் கால் வைக்கும் பதத்துக்கு வந்த அன்று காலை அய்யம்பெருமாள் விதை மிஷினை மாட்டத்தான் போனார். கொட்டகை வாசலில் வேணுகோபாலும் பெரிய காட்டுக்காரர் ஆண்டவரும் நின்றார்கள்.

வேணுகோபால் தோளில் கை போட்டுப் பேசினார். "ஒனக்கு உழவே கெடையாது, ஒரு ஓட்டம்தான். அது எப்ப வேணா ஆவும். எங்களுது அப்படியா? அஞ்சு கலப்பைய மாட்டு, வா."

எந்தச் சுலபத்துக்காக செல்வம்மாள் இத்தனையும் செய்தாளோ, அதையே காரணமாக வைத்து அவளைப் பின்னுக்குத் தள்ளினார்கள். நியாயம் மாதிரியேதான் இருந்தது. கலப்பையை மாட்டிவிட்டால் கழற்றி மிஷினை மாட்ட அரைப்பொழுது போய்விடும் என்று தெரிந்தும் அவர் மாட்டினார். ஆண்டவர் காட்டை முடித்ததும் கழற்றிவிடலாம் என்றிருந்தார். அங்கே அடுத்தவர் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். செல்வம்மாள் ஒருமுறை போன் செய்தாள். அடுத்து நம்ம காடுதான் என்றார். மறுநாள் அவள் மறுபடி கேட்டபோதும் அதையே சொன்னார். அதற்குப் பிறகு அவள் போன் செய்யவில்லை.

எல்லாக் காடும் முடிந்து விடியலில் மிஷினை மாட்டிக்கொண்டு போனபோது பக்கத்துக் காட்டு இருசம்மாள் வரப்பில் நின்றுகொண்டிருந்தாள். விதை மூட்டை அங்கே சாக்கு போட்டு மூடி இருந்தது.

"அத்தாச்சி நேத்து மத்தியானம் திருப்பூருக்கு பஸ் ஏறிட்டாங்கண்ணே. வெத இங்க இருக்குன்னு சொல்லச் சொன்னாங்க."

தன்னைத் திட்டவாவது ஆள் இல்லாமல் போயிற்றே என்று இருந்தது. சுற்றிலும் எல்லார் மண்ணும் வெயிலில் வெளுத்துக் கிடந்தது. இங்கேயும் அப்படித்தான் இருக்கும், சும்மா ஒரு கடமைக்கு ஓட்டிவிட்டுப் போவோம் என்று இறங்கிச் சாய்ந்த சணப்பை விலக்கினார். அடியில் மண் கறுப்பாக, குளிர்ச்சியாக இருந்தது. கையில் பிடித்தால் கட்டி நின்றது, உதறினால் உதிர்ந்தது. பதம் போகவே இல்லை. இத்தனை நாளும் மூடாக்குக்கு அடியில் ஈரத்தை வைத்துக்கொண்டு காடு அவருக்காகக் கிடந்திருக்கிறது. அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு எழுந்து விதைத்தார். சாலுக்குச் சால் இறங்கினார், சிக்கிய தண்டைப் பிடுங்கினார், ஏறினார். வெயில் ஏறி வேலை முடிந்தபோது டிராக்டர் டயரைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர முடிந்தது. வீட்டுக்கு வந்து பழைய சோற்றைத் தானே பிழிந்து வைத்துக்கொண்டு தின்றார்.

சோளம் முளைத்தது பாருங்கள், அப்படி ஒரு முளைப்பை அந்தக் காடு கண்டதில்லை. நூல் பிடித்த மாதிரி வரிசை. அதற்குப் பிறகு மழை தள்ளிப்போனதில் மற்றக் காடுகளில் பாதி சொட்டை விழுந்திருந்தது. ஆண்டவர் வந்து பார்த்தார். அடுத்த ஆடிக்கு எனக்கும் சணப்பு விதை சொல்லிவை என்றார். அய்யம்பெருமாள் காட்டில் நின்றபடியே திருப்பூருக்குப் போன் போட்டார். செல்வம்மாள் எடுத்தாள். பின்னால் தையல் மிஷின்களின் இரைச்சல்.

மூச்சு விடாமல் எல்லாம் சொன்னார். பயிரைச் சொன்னார், ஆண்டவர் வந்ததைச் சொன்னார். "நாலாம் நாள் போயி பாக்குறேன் புள்ள, ஈரம் அப்படியே இருக்கு. இம்புட்டு நாளு எனக்காகக் காத்துக்கிட்டு கெடந்திருக்கு பாரு. எனக்குன்னா கண்ணுல தண்ணியே வந்துடுச்சு."

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நானும் அப்படித்தான் மாமா கெடந்தேன், இத்தன வருசமா. என்னையப் பாத்து நீங்க ஒரு நாளும் இப்படி அதிசயப்பட்டதில்ல."

அவள் போனை வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை. சொல்வதற்கு அவரிடம் மிஷினைப் பற்றி மட்டும்தான் இன்னும் கொஞ்சம் இருந்தது.