வட்டம், கோடு, புள்ளி

வேரை மட்டும் கடைசிவரை தொட மாட்டார். தலையைச் சீவி, தோலை உரித்து, பலகையில் படுக்கப்போட்டுக் கத்தியை ஓட்டினால் முடியும்வரை அந்த வேர்தான் வெங்காயத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும். "வேர முதல்ல எடுத்தா நம்மள அழ வெக்கும். கடைசில எடுத்தா பேசாம கெடக்கும்" என்பார். அவர் பேசாமல் கிடந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் மருத்துவமனைச் சமையலறையில் அவர் பெயர் வெங்காயக்கா. பதினோரு வருடமாக, காலை ஆறு மணிக்கு அதே பலகை, அதே மூலை. நான் லிஃப்ட் ஓட்டுகிறவன். சாப்பாட்டு வண்டிகளை மாடிக்கு ஏற்றுவது என் வேலை. வண்டி தயாராகும்வரை அக்காவிடம் திட்டு வாங்குவது சம்பளமில்லாத வேலை.

முழு வெங்காயத்தை யாராவது பிளாஸ்டிக் பையில் முடிந்து வைத்தால் தொலைந்தார்கள். "அதுக்கு மூச்சு வேணாமா? உன் மூக்கப் பொத்தி மூலைல உக்கார வெக்கட்டுமா?" காற்றோட்டமான கூடையில்தான் போட வேண்டும். உருளைக்கிழங்கை அதன் பக்கத்தில் அண்டவிடக் கூடாது, இரண்டும் சேர்ந்து அழுகும். வதக்குவதற்கு நீளவாக்கில் அறுத்தால் குழையாது. சாலட்டுக்கு அறுத்ததைப் பரிமாறும் முன் பத்து நிமிடம் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் காரம் இறங்கும். ஆனால் ஈரத்தோடு எடுத்து வைத்தால் கொழகொழத்துவிடும். காய்ந்த டப்பா, இறுக்கமான மூடி, ஃப்ரிட்ஜ், மூடிமேல் தேதிச் சீட்டு. வீட்டில் என்றால் இரண்டு மூன்று நாள் தாங்கும். இங்கே சாப்பிடுகிறவர்கள் நோயாளிகள். அன்று மீந்தது அன்றே குப்பைக்கு என்பது மருத்துவமனை விதி.

அந்த விதி சமையலறை சூப்பர்வைசருக்கு மட்டும் ஆகாது. சாப்பாடு வீணாவதைக் குறைத்தார் என்று அவருக்கு ஒரு கேடயம் கொடுத்திருக்கிறார்கள். மேஜைமேல் வைத்துத் தினமும் துடைக்கிறார். கேடயம் வந்தது எப்படி என்று போன மாதம் தெரிந்தது. இரண்டாம் மாடியில் ஒன்பது பேருக்கு வயிற்றுப்போக்கு. ஒரு பெரியவரைத் தீவிரச் சிகிச்சைக்கு மாற்றினார்கள். சாலட் மேல் சந்தேகம் வந்ததும் சூப்பர்வைசர் ஒரே வரியில் எழுதிக் கொடுத்தார்: அறுத்தவரின் கை சுத்தமில்லை.

உண்மை வேறு. அது முந்தின நாள் டப்பா. விருந்தாளிகளின் குளிர்பானத்துக்கு இடம் வேண்டுமென்று அதை இரவெல்லாம் ஃப்ரிட்ஜுக்கு வெளியே வைத்தவர் அவர். காலையில் பழைய சீட்டை உரித்துப் புதுத் தேதி ஒட்டியவரும் அவர். நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் வண்டியை மேலே கொண்டுபோனேன். தலைமை நர்ஸ் விசாரித்தபோது வாயில் கொழுக்கட்டை வைத்தவன்போல நின்றேன். இதை எழுதும்போது என்மேலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்கா கத்தினார். "ஆதாரம் எங்கம்மா?" என்றார் சூப்பர்வைசர். உரித்த சீட்டு குப்பையோடு போய்விட்டது. இன்னொரு புகார் வந்தால் வேலை இல்லை என்று கடிதம் கொடுத்தார்கள். அவருக்கு வேலை போவதுகூடப் பெரிதில்லை. "எங்கூடப் பொறந்த தங்கச்சி வீட்டுலயே இப்படி, தம்பி. நான் அறுத்து வெச்ச வெங்காயம்னா அவ வீட்டுக்காரர் தட்ட நகத்துறாரு. அவளும் வாயத் தொறக்கல. நாலு வாட்டி சோப்புப் போட்டுத்தான் கத்தியத் தொடுறேன், பாத்திருக்கல்ல நீ?" என்று கேட்டார். பார்த்திருக்கிறேன். விரல் நுனிகள் வெளுத்து வெடித்திருக்கும்.

கடிதம் வந்த மறுநாளிலிருந்து சாலட் வெங்காயத்தின் உருவம் மாறத் தொடங்கியது. ஒரு நாள் வளையம். மறுநாள் நீளநீளமாக. மூன்றாம் நாள் பொடிப்பொடியாக. பிறகு மறுபடி வளையம். அறுத்து முடித்ததும் சுவரில் தொங்கும் காலண்டரில் அன்றைய கட்டத்துக்குள் ஒரு வட்டமோ கோடோ புள்ளியோ வைப்பார். சூப்பர்வைசருக்குச் சிரிப்பு. "என்னம்மா, தினம் ஒரு அலங்காரம்?"

"வாய்க்கு ஒரே மாதிரி இருந்தா சலிச்சுப் போயிடும் சார்" என்றார் அக்கா. குரல் அவ்வளவு பணிவாக இருந்தது.

போன வியாழக்கிழமை, கோடு போட்ட நாள். மதிய வண்டியை லிஃப்டுக்குள் தள்ளிவிட்டு சூப்பர்வைசரும் ஏறிக்கொண்டார். உள்ளே ஏற்கெனவே தலைமை நர்ஸ் நின்றிருந்தார். கதவு மூடப்போகும் நேரம் அக்கா ஓடிவந்து வண்டிக்கு முன்னால் நின்றார். ஒரு கையில் டப்பா, அக்குளில் காலண்டர்.

"கதவ மூடுய்யா" என்றார் சூப்பர்வைசர்.

நான் திறக்கும் பொத்தானை அழுத்திக்கொண்டேன்.

அக்கா வண்டியிலிருந்த டப்பாவின் மூடியைத் திறந்தார். அன்றைய தேதி ஒட்டிய டப்பாவுக்குள் வளையம் வளையமாக வெங்காயம், ஓரம் கண்ணாடிபோல் நீர்த்து, மூக்கை அடைக்கும் வாடையோடு. கையிலிருந்த டப்பாவையும் திறந்தார். நீளநீளமாக, மொறுமொறுவென்று. "இது இன்னைக்குக் காலைல நான் அறுத்தது, சிஸ்டர். ஃப்ரிட்ஜுல தொடாம இருந்துச்சு. வட்டம் நேத்து. காலண்டரப் பாருங்க. சீட்ட உரிச்சு ஒட்டலாம், வெங்காயத்த ஒட்ட முடியுமா?"

"வயசாகுதுல்ல, மறந்துபோய் ரெண்டு விதமா அறுத்திருக்கும்" என்றார் சூப்பர்வைசர்.

தலைமை நர்ஸ் காலண்டரை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"போன மாசமும் இவர்தான் சீட்ட மாத்தி ஒட்டினாரு, சிஸ்டர். நான் பாத்தேன்" என்றேன்.

அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேற்றைய டப்பாவிலிருந்து ஒரு வளையத்தை எடுத்து, வெடித்த விரல் நுனிகளில் பிடித்து, சூப்பர்வைசரின் வாய்க்கு நேராக நீட்டினார்.

"சாப்பிடுங்க சார்."

கதவை அதிக நேரம் பிடித்து வைத்ததால் லிஃப்ட் கீச்சிடத் தொடங்கியது. சூப்பர்வைசர் உதட்டை இறுக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்து சுவரில் முட்டினார். நீட்டிய கையை அக்கா இறக்கவில்லை.