அக்கா வீட்டுக் குசினியில் சரவிளக்கு

போன ஞாயிற்றுக்கிழமை என் அக்கா மகள் செல்வியைப் பெண் பார்க்க வலப்பனையிலிருந்து வந்தார்கள். அவர்களுக்கு முன்னால், காலை எட்டு மணிக்கே அட்டன் டவுனில் அக்கா வீட்டில் நான் ஆஜர். எதற்கு? ஒரு விளக்கைக் கழற்ற!

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களா ஒன்றில் பதினெட்டு வருஷம் சமைத்தவள் அக்கா. அத்தான் காலமான பிறகு செல்வியை வளர்த்தது அந்தச் சமையல்தான். போன வருஷம் துரை குடும்பம் சீமைக்குக் கப்பலேறியபோது, "உனக்கு என்ன வேண்டுமோ கேள்" என்றாராம் துரைசாணி. கட்டில், அலுமாரி, பீங்கான் செட் — எத்தனை இருந்தன! அக்கா கேட்டது, சாப்பாட்டு அறையில் தொங்கிய கண்ணாடிச் சரவிளக்கை.

கேட்டாள், கிடைத்தது. அதை எங்கே மாட்டினாள்? முன் அறையிலா? இல்லை... குசினியில்! அம்மிக்கு நேர் மேலே ஆறு பல்பு, கொத்துக் கொத்தாகக் கண்ணாடி மணிகள். தெருவே சிரித்தது. நானும்தான்.

"அக்கா, இன்னிக்கு ஒரு நாளைக்காவது முன் ரூம்ல மாட்டுவோம். வர்றவங்க மதிப்பாங்கல்ல?" என்றேன், ஸ்டூலில் ஏறி நின்றுகொண்டு.

"மதிக்கணும்னா குசினிக்கு வந்து மதிக்கட்டும்."

"பைத்தியம்னு நெனைச்சா? சம்பந்தமே தட்டிப் போயிரும்க்கா!"

வெங்காயம் அரிந்துகொண்டிருந்த அக்காவின் கை நின்றது.

"தம்பி, பங்களாவுல சாப்புடுற எடத்துக்கு ஆறு பல்பு. நான் சமைச்ச எடத்துக்குப் பொகை படிஞ்ச ஒத்தப் பல்பு. மீன் முள்ளு எடுக்குறதுக்குள்ள கண்ணு பூத்துப் போகும். வாய் எங்க இருக்குன்னு இருட்டுலயும் தெரியும்டா. சமைக்கிறவளுக்குத்தான் வெளிச்சம் வேணும்."

நான் ஸ்டூலிலிருந்து இறங்கிவிட்டேன்.

வந்தார்கள். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். கூடவே அப்பாவும் அம்மாவும். வெளியே பனிமூட்டம், முன் அறை மங்கல். குசினி வாசலில் மட்டும் வெளிச்சம் கொட்டிக் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அம்மா, சட்டென்று எழுந்து உள்ளே போனார்.

போச்சு, சம்பந்தம் தட்டியேவிட்டது என்று நான் பாதி எழுந்துவிட்டேன்.

"ஏங்க! இங்க வாங்க!"

ஓடினோம். சுளகில் கிடந்த அரிசியை ஒரு கை அள்ளி, விளக்கடியில் நின்றுகொண்டிருந்தார் அந்த அம்மா. "பாத்தீங்களா? பொடிக்கல்லு கூட தெரியுது. நானும் வருசக்கணக்கா ஒரு நல்ல பல்பு கேக்குறேன்... போட்டீங்களா?" என்று கணவரைக் கேட்டுவிட்டு, அக்கா பக்கம் திரும்பினார்.

"சம்பந்தி, இது யாரு யோசனை?"

சம்பந்தி! காதில் விழுந்ததா?

"என் யோசனைதாங்க. நானே கேட்டு வாங்குனது" என்றாள் அக்கா. பதினெட்டு வருஷம் தலையைக் குனிந்து சமைத்தவள் அப்படி நிமிர்ந்து நின்றதை நான் பார்த்ததே இல்லை. என் அக்கா ஐயா, என் அக்கா!

பிறகென்ன, பலகையைப் போட்டு அங்கேயே உட்கார்ந்தோம். தேத்தண்ணி, பேச்சு, சம்மதம் — எல்லாம் குசினியில். செல்வியும் மாப்பிள்ளையை நேராகவே பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். ஆறு பல்புக்கு அடியில் அவர் மட்டும் எங்கே ஒளிவார்?

பஸ் ஏறும்போது மாப்பிள்ளையின் அப்பா என் காதோரம் கேட்டார்: "தம்பி, இந்த மாதிரி வெளக்கு இங்க எந்தக் கடையில கெடைக்குங்க?"

உடனே சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டுக் குசினிக்கென்று முந்தின வாரமே என் மனைவி விசாரித்து வைத்திருந்தாள்!