நேர்பார்வைக்காரர் பார்த்த ஆறு

எங்கள் பெரியப்பா காலமெல்லாம் மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். ஒரு பக்கம் காடு, மறுபக்கம் பள்ளத்தில் ஆறு என்று வழி முழுக்க அழகு கொட்டிக் கிடக்கும். அதில் ஒரு துளியையும் அவர் பார்த்ததில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்துவிட்டால் கண் சாலையை விட்டு இம்மியும் நகராது. டிப்போவில் அவருக்கு ‘நேர்பார்வை’ என்றே பட்டப்பெயர்.

அழகான இடமெல்லாம் அவருக்குக் காதால்தான் தெரியும். குழந்தைகள் கத்தினால் அருவி. மூங்கில் காடு முடிகிற வளைவில் மட்டும் பஸ் மொத்தமும் “ஆ” என்று வாயைப் பிளக்குமாம். தூங்குகிறவர்களை உலுக்கி எழுப்புவார்களாம். “அப்படி என்னதான் இருக்கோ அங்க!” என்று சொல்லிச் சொல்லியே பெரியம்மாவின் உயிரை வாங்குவார்.

“நிறுத்திப் பாத்தா என்னவாம்?” என்பாள் பெரியம்மா.

“வளைவுல எவனாவது வண்டிய நிறுத்துவானா?”

ஓய்வு பெற்றாயிற்று. அடுத்த வாரம் தூரத்தில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விடப் போகிறார்கள். இனி இந்த மலைப்பக்கம் வருவது நடக்கிற காரியமில்லை. “அந்த வளைவ ஒரே ஒரு தடவ பாத்துட்டா போதும்மா” என்றார் என்னிடம். மனசு கேட்கவில்லை. என் காரில் இருவரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

ஏன் கிளம்பினோம் என்று ஆகிவிட்டது. முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு இல்லாத பிரேக்கை மிதித்தார். “ஹாரன் அடி”, “கியரக் குறை” என்று ஓயாத தொணதொணப்பு. மூங்கில் காடு முடிந்தது. பின்னால் பெரியம்மா “ஐயோ, என்னங்க!” என்று கூவினாள். இவரோ, “எதிர்ல லாரி! ஓரங்கட்டு!” என்று கத்தினார். லாரி போய்விட்டது, வளைவும் போய்விட்டது.

“பாத்தீங்களா?” என்று கேட்டேன்.

“லாரியத்தான் பாத்தேன்.” முகம் தொங்கிப் போயிற்று.

மேலே போய்த் திருப்பி, கீழே இறங்கி, மறுபடி ஏறினோம். இந்த முறை அவரைப் பின்சீட்டில் உட்கார வைத்தேன். இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டி, என் தோளுக்கு மேலாகச் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “பெரியப்பா, எனக்கு வண்டி ஓட்டத் தெரியும்!”

“தெரியும்மா. ஆனா உன்ன நம்பிக் கண்ண எடுக்க முடியலயே, நான் என்ன பண்ணுவேன்?” பாவம், பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

வளைவைத் தாண்டிச் சாலை அகன்ற இடத்தில் பெரியம்மா நிறுத்தச் சொன்னாள். முட்டிவலிக்காரி, முதல் ஆளாக இறங்கினாள். “வாங்க, நடந்தே போவோம்.”

பெரியப்பா திகைத்துப் போனார். அந்த வளைவுக்குக் காலால் நடந்தும் போகலாம் என்பது அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. சத்தியமாக எனக்கும்தான் தோன்றவில்லை.

போய்ச் சேர்ந்ததும் என்ன செய்தார் என்கிறீர்கள்? எங்களை ஓரத்தில் நிறுத்திவிட்டு, ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வருகிற வண்டிகளுக்குக் கைகாட்ட ஆரம்பித்துவிட்டார்! பெரியம்மா பொறுத்துப் பார்த்தாள். பிறகு அவர் கன்னங்களை இரண்டு கையாலும் பிடித்து, ஆற்றுப் பக்கம் திருப்பினாள்.

கீழே ஆறு ஒரு பசுந்தீவைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து, வெயிலில் மினுங்கி, மறுபடி ஒன்றாகிக் காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. அதற்கப்பால் மலைக்குப் பின்னால் மலை.

அவர் ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது.

“நல்லவேளை” என்றார் கடைசியில். “ஒரு தடவ திரும்பியிருந்தாலும் அத்தன பேரையும் ஆத்துல இறக்கியிருப்பேன்.”

பெரியம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

கீழே எங்கோ ஒரு லாரி ஹாரன் அடித்தது. பெரியப்பா திரும்பவில்லை.

“நீ ரோட்டப் பாத்துக்கம்மா” என்றார். “நான் இன்னும் கொஞ்சம் பாக்கறேன்.”